கொலுசு ஆர்டர் படிவம்: டேபிள் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு இணைய ஆர்டர் படிவம் செய்து கொடுத்திருக்கிறேன். கடைப்பெயர், முகவரியில் தொடங்கிக் கடைசி வரை எல்லாம் ஒரே டேபிள். கணினியில் நன்றாக இருக்கிறது, போனில் பாதிக்கு மேல் வலப்பக்கம் ஓடிவிடுகிறது. கூட வேலை செய்பவர், "இந்தக் காலத்தில் யார் டேபிள் போடுகிறார்கள், எல்லாவற்றையும் டிவ் ஆக்கு" என்கிறார். டிவ்வாக (வரிசை, நெடுவரிசை இல்லாத வெறும் உறையாக) ஆக்கிப் பார்த்தால் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்பதில்லை. படிவத்தில் டேபிள் போடலாமா, கூடாதா? இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பெரிய ஆர்டர்களில் கடைசிச் சில வரிசைகள் பதிவாவதில்லை. எந்த வரிசையில் விடுபடும் என்றும் சொல்ல முடியவில்லை. சர்வரில் ஓடுவது பிஎச்பி நிரல். ஒரு வரிசையில் ஏழு பெட்டிகள்: டிசைன் எண், நீளம், ஜோடியின் எடை, எத்தனை ஜோடி, டச் (வெள்ளியின் தூய்மை), சலங்கை வேண்டுமா என்ற டிக், குறிப்பு. மேலே வாடிக்கையாளர் விவரம் எட்டுப் பெட்டி.
— செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டேபிளா டிவ்வா என்பதை நிதானமாகப் பேசலாம். ஆர்டரில் வரிசை காணாமல் போவதை இன்றே நிறுத்த வேண்டும்.

பிஎச்பியில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு படிவத்திலிருந்து எத்தனை மதிப்புகளை வாங்கிக்கொள்வது என்பதற்கான உச்சவரம்பு அது. நீங்களோ ஹோஸ்டிங் நிறுவனமோ மாற்றாத வரை அது 1000. அதைத் தாண்டி வருவதை பிஎச்பி வாங்காமல் விட்டுவிடும். லாக் எழுதும்படி வைத்திருந்தால் அதில் ஓர் எச்சரிக்கை விழும், அவ்வளவுதான். ஆர்டர் அனுப்பிய கடைக்காரருக்கு "பதிவானது" என்றே காட்டும்.

உங்கள் படிவத்தையே கணக்குப் போடுவோம். மேலே உள்ள எட்டுப் பெட்டி போக மிச்சம் 992. எல்லா வரிசையிலும் சலங்கைக்கு டிக் இருந்தால் வரிசைக்கு ஏழு மதிப்பு வரும். 141 வரிசை முழுசாகப் போய், 142-ஆவது வரிசையில் ஐந்து பெட்டி மட்டும் பதிவாகும். ஆனால் டிக் போடாத பெட்டியை பிரௌசர் அனுப்பவே அனுப்பாது. அப்படிப்பட்ட வரிசைக்கு ஆறு மதிப்புதான் கணக்கு. ஒன்றில்கூட டிக் இல்லாத ஆர்டரில் 165 வரிசை வரை போய்ச் சேரும். எத்தனை வரிசையில் சலங்கை கேட்டார்கள் என்பதைப் பொறுத்து வெட்டு விழும் இடம் 142-க்கும் 166-க்கும் நடுவில் நகர்கிறது. உங்களுக்குப் பிடிபடாமல் போனது இதனால்தான். பாதுகாப்புக்காக ஒரு மறைவுப் பெட்டி வைத்திருந்தால் அதுவும் ஒரு மதிப்பாகக் கணக்கில் சேரும்.

வரம்பை 5000 ஆக்கினால் இப்போதைக்குத் தீரும். ஆனால் உங்கள் நிரலுக்குள் இனி-செட் என்ற கட்டளையைப் போட்டு அதை மாற்ற முடியாது, ஏனென்றால் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே மதிப்புகள் பிரிக்கப்பட்டுவிடும். பிஎச்பி-டாட்-இனி என்ற பொது அமைப்புக் கோப்பிலோ அந்த ஃபோல்டருக்கான அமைப்புக் கோப்பிலோ மாற்ற வேண்டும். என் பரிந்துரை வேறு: எல்லா வரிசைகளையும் ஜேசனாக (தகவலை ஒரே எழுத்துத் தொடராக எழுதும் வடிவம்) கட்டி ஒரே பெட்டியில் அனுப்புங்கள். எத்தனை வரிசை இருந்தாலும் பிஎச்பிக்கு அது ஒரு மதிப்புதான். கூடவே "மொத்த வரிசை" என்று ஒரு மறைவுப் பெட்டியைப் படிவத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள். வந்துசேர்ந்த வரிசையும் அதில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் சர்வர் ஆர்டரைப் பதிவு செய்யாமல் பிழை சொல்ல வேண்டும். இதுவரை வந்த ஆர்டர்களில் 140 வரிசை தாண்டியவற்றை எடுத்து, அனுப்பிய கடைகளோடு சரிபார்க்கச் சொல்லுங்கள். விடுபட்டது கொலுசு. அதற்குப் பணம் உண்டு.

ஜேசனுக்கு மாறும் வரை இன்னொன்றைக் கவனியுங்கள். பெட்டிகளின் பெயரை வெறும் சதுர அடைப்புக்குறியோடு விட்டிருந்தால் சலங்கை டிக் இடம் மாறிப்போகும். மூன்று வரிசை இருக்கிறது, ஒன்றிலும் மூன்றிலும் டிக் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைப் பட்டியலில் மூன்று மதிப்பு வரும், சலங்கைப் பட்டியலில் இரண்டுதான் வரும். இரண்டையும் வரிசைப்படி பொருத்தினால் கேட்காத இரண்டாவது கொலுசுக்குச் சலங்கை ஏறும், கேட்ட மூன்றாவதற்கு ஏறாது. அடைப்புக்குறிக்குள் வரிசை எண்ணையே எழுதி, ஒவ்வொரு பெட்டியும் தன் வரிசை எண்ணோடு போகும்படி செய்துவிட்டால் இது நேராது.

இனி டேபிள். போடலாமா கூடாதா என்று படிவம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. ஒரு கட்டத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது என்ன என்று சொல்ல மேலே உள்ள தலைப்பும் வேண்டும், இடப்பக்கத் தலைப்பும் வேண்டும் என்றால் அது டேபிள். "12" என்ற எண், நான்காவது கொலுசுக்கு எத்தனை ஜோடி என்பதைக் காட்டுகிறது என்றால் டேபிள்தான் அதற்குச் சரியான இடம். "கடைப்பெயர்" என்ற ஒரே லேபிள் போதும் என்றால் அங்கே டேபிளுக்கு வேலையே இல்லை. இந்தக் கணக்கில் உங்கள் படிவத்தின் மேல்பகுதி டேபிள் அல்ல, கீழ்ப்பகுதி டேபிள். இரண்டையும் ஒரே டேபிளுக்குள் அடைத்தது ஒரு தவறு. நண்பர் பேச்சைக் கேட்டு இரண்டையுமே டிவ் ஆக்கினால் அது இன்னொரு தவறு.

நண்பர் சொல்வதற்கும் ஒரு வரலாறு உண்டு. பக்கத்தை அடுக்குவதற்கு டேபிளைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்டிஎம்எல் விதியிலேயே எழுதியிருக்கிறது. முன்பு வேறு நல்ல வழி இல்லாததால் எல்லாரும் அதை வைத்து அடுக்கினார்கள். 2017 மார்ச்சில் பெரிய பிரௌசர்களில் பக்கத்தை அடுக்குவதற்கென்றே சிஎஸ்எஸ் கிரிட் வந்த பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. ஆனால் விதி தடுப்பது அடுக்கும் வேலைக்கு டேபிள் போடுவதைத்தான். வரிசையும் நெடுவரிசையும் உள்ள தகவலுக்கு டேபிளே போடச் சொல்கிறது.

மேல்பகுதியிலிருந்து தொடங்குங்கள். போனில் வலப்பக்கம் ஓடுவது ஏன் தெரியுமா? அகலம் எதுவும் சொல்லாத ஒரு எழுத்துப் பெட்டி சுமார் 20 எழுத்து அகலம் எடுத்துக்கொள்ளும், அதாவது 150 பிக்சலுக்கு மேல். டேபிள் தன் கட்டத்தில் உள்ளதைவிடச் சிறிதாகச் சுருங்காது. ஆறு எழுத்துப் பெட்டியும் ஒரு டிக்கும் அடுத்தடுத்து நின்றால் 900 பிக்சலைத் தாண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் திரை அகலம் சிஎஸ்எஸ் கணக்கில் 360 முதல் 412 பிக்சல். எல்லாம் ஒரே டேபிள் என்பதால் கீழே உள்ள ஏழு பெட்டியின் அகலம் மேலே உள்ள முகவரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. தமிழ் லேபிள்கள் நீளமானவை. "அனுப்பவேண்டிய" என்ற சொல் ஓரிடத்திலும் உடையாது, அதனால் முதல் நெடுவரிசையும் பருத்துவிடும்.

எட்டுப் பெட்டியையும் டேபிளிலிருந்து வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மேலே லேபிள் வையுங்கள். லேபிளின் ஃபார் மதிப்பும் பெட்டியின் ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். லேபிளைத் தொட்டால் பெட்டிக்குள் கர்சர் போகிறதா என்று பார்த்தாலே சரியாக இணைத்திருக்கிறீர்களா என்று தெரிந்துவிடும். அகலத் திரையில் லேபிள் இடப்பக்கம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால் 640 பிக்சலுக்கு மேல் இரண்டு நெடுவரிசைக் கிரிட் போடுங்கள். அதைவிடக் குறுகிய திரையில் ஒற்றை நெடுவரிசையாக மடங்கட்டும். நேரில் எடுப்பதா, பார்சலா, கூரியரா என்ற ரேடியோ பொத்தான்களை ஃபீல்ட்செட் என்ற குழு உறுப்புக்குள் வைத்து, கேள்வியை அதன் தலைப்பான லெஜண்டில் எழுதுங்கள். பெட்டிக்குள் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் ஐபோன் பெட்டியைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். தமிழுக்கு வரி உயரம் 1.5-க்கு மேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல் வரியின் கால்களும் கீழ் வரியின் கொம்புகளும் முட்டிக்கொள்ளும்.

கீழ்ப்பகுதிக்கு முறையான டேபிள் போடுங்கள். கேப்ஷனில் "ஆர்டர் விவரம்" என்று எழுதுங்கள். மேல் தலைப்புகள் டிஎச் (தலைப்புக் கட்டம்), ஸ்கோப் மதிப்பு கால் (நெடுவரிசை). ஒவ்வொரு வரிசையின் முதல் கட்டமும் டிஎச், ஸ்கோப் மதிப்பு ரோ (வரிசை), அதில் "வரிசை 4" என்பதுபோல வரிசை எண். அலகைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "நீளம், அங்குலம்", "எடை, கிராம்". ஒவ்வொரு பெட்டியிலும் கிராம் கிராம் என்று எழுத வேண்டியதில்லை.

இதோடு வேலை முடிந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். பார்வையற்ற ஒருவர் ஸ்கிரீன் ரீடரோடு (திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள்) டேப் விசையை அழுத்திப் பெட்டியிலிருந்து பெட்டிக்குப் போகும்போது, டேபிளின் தலைப்பை அது படிக்கும் என்று நம்ப முடியாது. பெட்டியின் சொந்தப் பெயரைத்தான் படிக்கும். பெயர் இல்லையென்றால் "எடிட்" என்று மட்டும் சொல்லும், அதுவும் ஒரு ஆர்டருக்கு நூற்றுக்கணக்கான தடவை. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஏரியா-லேபிள்ட்பை என்ற பண்பைக் கொடுத்து, வரிசைத் தலைப்பின் ஐடியையும் நெடுவரிசைத் தலைப்பின் ஐடியையும் ஓர் இடைவெளி விட்டு எழுதுங்கள். "வரிசை 4 எடை, கிராம்" என்று காதில் விழும். கண்ணுக்குத் தெரியும் தலைப்பையே பயன்படுத்துவதால் நாளை "எடை" என்பதை "நிகர எடை" என்று மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறும். உள்ளே மங்கலாகத் தெரியும் குறிப்பெழுத்தை லேபிளாக வைத்துவிடாதீர்கள், தட்டச்சு செய்ததும் அது மறைந்துவிடும்.

எண் பெட்டிகளுக்கு வகை நம்பர் போடுவதைவிட, சாதாரண எழுத்துப் பெட்டியில் இன்புட்மோடு சேர்ப்பது நல்லது. எடைக்கு டெசிமல், ஜோடிக்கு நியூமெரிக். போனில் எண் விசைப்பலகை வரும். நம்பர் வகையில் இருக்கும் ஆபத்து, பெட்டியில் கர்சர் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சில பிரௌசர்களில் எண்ணே மாறிவிடும். பக்கத்தைக் கீழே தள்ளப் போய் 98.5 கிராம் 95.5 ஆகிவிட்டால் யார் கண்ணிலும் படாது. டிசைன் எண்ணும் எழுத்துப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும், "007" என்பது 7 ஆகிவிடக் கூடாது. எடையும் ஜோடியும் வலப்பக்கம் ஒட்டி நிற்கட்டும், எண்கள் சம அகலத்தில் வரட்டும். அப்போதுதான் 85-ம் 850-ம் ஒரே பார்வையில் பிரிந்து தெரியும். டேபிள் வேண்டும் என்று சொல்வதே இந்த நேர்கோட்டுக்காகத்தான். டிவ்வில் அடுக்கும்போது ஒவ்வொரு வரிசையும் தன் அகலத்தைத் தானே முடிவு செய்கிறது, அதனால்தான் உங்களுக்குப் பெட்டிகள் கோணலாக நின்றன.

என்டர் விசையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். கடையில் கணக்கு எழுதுபவர்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகியவர்கள். அங்கே என்டர் தட்டினால் அடுத்த பெட்டிக்குப் போகும். இணையப் படிவத்தில் ஒரு எழுத்துப் பெட்டியில் என்டர் தட்டினால் படிவமே அனுப்பப்பட்டுவிடும், பாதி ஆர்டர் பதிவாகிவிடும். டேபிளுக்குள் இருக்கும் பெட்டிகளில் மட்டும் என்டரைப் பிடித்து அடுத்த பெட்டிக்கு நகர்த்துங்கள். பொத்தான்களிலும் பல வரி எழுதும் பெட்டியிலும் கை வைக்காதீர்கள். தமிழில் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்பவர்கள் சொல்லை உறுதி செய்யவும் என்டர் தட்டுவார்கள், ஆகவே விசை நிகழ்வில் இஸ்-கம்போசிங் உண்மையாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் விடுங்கள். "வரிசை சேர்" பொத்தானின் வகை பட்டன் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் படிவத்துக்குள் இருக்கும் எந்தப் பொத்தானும் அனுப்பும் பொத்தானாகிவிடும்.

வரிசை சேர்ந்ததும் கர்சர் புதிய வரிசையின் டிசைன் எண்ணில் போய் நிற்கட்டும். ஒரு வரிசையை நீக்கினால் அடுத்த வரிசையின் நீக்கும் பொத்தானுக்குப் போகட்டும். நீக்கும் பொத்தான்களுக்கு வெறும் பெருக்கல் குறி போதாது, "வரிசை 4 நீக்கு" என்று பெயர் இருக்க வேண்டும். டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டியின்படி தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல். நீக்கும் பொத்தானுக்கு நான் 44 என்றே சொல்வேன், ஏனென்றால் பக்கத்துப் பெட்டியைத் தொடப்போய் முழு வரிசையும் அழிந்துவிடும்.

வரிசைக்கு வரிசை "சேமி" பொத்தான் வைக்கும் எண்ணம் இருந்தால் டிஆருக்குள் (டேபிள் வரிசைக்குள்) ஃபார்மைத் திறக்காதீர்கள். எச்டிஎம்எல் அந்த இடத்தில் ஃபார்மை அனுமதிப்பதில்லை. பிரௌசர் அதைத் திறந்த கையோடு மூடிவிடும். வேலை செய்வதுபோலத் தெரியும், ஸ்கிரிப்டில் அந்த ஃபார்முக்குள்ளே பெட்டிகளைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஃபார்மை டேபிளுக்கு வெளியே வைத்து, பெட்டிகளில் ஃபார்ம் என்ற பண்பில் அதன் ஐடியை எழுதினால் போதும்.

போனுக்கு வருவோம். ஏழு பெட்டி வரிசையை 360 பிக்சலில் நசுக்காதீர்கள். பலரும் சிறு திரையில் டேபிளின் டிஸ்ப்ளேயை பிளாக் ஆக்கி, ஒவ்வொரு வரிசையையும் அட்டைபோல அடுக்குவார்கள். செய்யலாம். ஆனால் டிஸ்ப்ளேயை மாற்றினால் சில பிரௌசர்களில் டேபிள் என்ற அடையாளமே ஸ்கிரீன் ரீடருக்குப் போகாது. டேபிள், ரோ, செல், தலைப்பு எல்லாவற்றுக்கும் ரோல் பண்பைக் கையால் எழுத வேண்டிவரும். மறைத்த மேல் தலைப்பு ஒவ்வொரு பெட்டியின் மேலும் திரும்பத் தெரியவும் வேண்டும். இந்த அளவு பெட்டிகளுக்கு எனக்குப் பிடித்த வழி வேறு. போனில் ஒரு நேரத்தில் ஒரு கொலுசு: ஏழு பெட்டியும் மேலிருந்து கீழாக, அடியில் "ஆர்டரில் சேர்". சேர்ந்தவை கீழே சிறு டேபிளில் டிசைன், நீளம், ஜோடி என்று மூன்றே நெடுவரிசையில் வெறும் எழுத்தாக நிற்கும். திருத்த வேண்டுமென்றால் அந்த வரிசையைத் தொட்டுத் திறக்கலாம். ஒவ்வொன்றைச் சேர்த்ததும் அந்த போனின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதிவிடுங்கள். ஏற்காட்டுக் கடைக்காரர் ஒருவர் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் உட்கார்ந்து ஐம்பது வரிசை போட்டபின் பக்கம் புதுப்பித்துக்கொண்டால் எல்லாம் போய்விடக் கூடாது.

வழக்கமான டிசைன்களுக்கு இன்னொரு டேபிளும் யோசியுங்கள். ஒரே டிசைனை எட்டு நீளத்தில் வாங்குபவர் இப்போது எட்டு வரிசை நிரப்புகிறார். டிசைனும் நீளமும் தெரிந்தால் எடையும் டச்சும் கடையின் பட்டியலிலேயே இருக்கும் என்றால், டிசைன்களை வரிசையாகவும் நீளங்களை நெடுவரிசையாகவும் வைத்து, கட்டத்தில் ஜோடி எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். முப்பது டிசைன், எட்டு நீளம் என்றால் 240 கட்டம், பெரும்பாலும் காலியாகவே இருக்கும். காலிக் கட்டம் என்றால் வேண்டாம் என்று பொருள், அதைப் பிழையாகக் காட்டாதீர்கள், நிரம்பிய கட்டங்களை மட்டும் அனுப்புங்கள். இந்த டேபிளை போனில் அட்டையாக உடைக்கக் கூடாது. ஒரு நீளத்துக்கும் அடுத்த நீளத்துக்கும் ஒப்பிட்டுப் போடுவதுதான் இதில் வேலையே. பக்கவாட்டில் நகரும் ஒரு உறைக்குள் வைத்து, டிசைன் நெடுவரிசையை ஸ்டிக்கியாக இடப்பக்கம் நிறுத்துங்கள். 320 பிக்சலில் பக்கம் பக்கவாட்டில் ஓடக் கூடாது என்ற டபிள்யூசிஏஜி விதியும் இத்தகைய டேபிளுக்கு விலக்குத் தருகிறது. விலக்கு டேபிளுக்கு மட்டுமே. பக்கம் ஓடக் கூடாது, உறை ஓடலாம். ஒன்று கவனியுங்கள், அந்த உறையில் ஓவர்ஃப்ளோ போட்டதும் மேல் தலைப்பு பக்கத்தோடு ஒட்டி நிற்காது. உறைக்கு உயரம் கொடுத்து அதற்குள்ளேயே மேலும் கீழும் நகர விட்டால்தான் நிற்கும்.

பிழைச் செய்தியைக் கட்டத்துக்குள் நீளமாக எழுதினால் நெடுவரிசை பருத்து எல்லாப் பெட்டியும் நகரும். கட்டத்தில் சிவப்புக் கோடும் "எண் மட்டும்" போன்ற இரண்டு சொல்லும் போதும். ஏரியா-இன்வாலிட் உண்மை என்று போட்டு, அந்தச் சொற்களை ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் பெட்டியோடு இணையுங்கள். முழு விளக்கத்தைப் படிவத்தின் மேலே பட்டியலாக எழுதுங்கள்: "வரிசை 37, எடை: எண் இல்லை". அதைத் தொட்டால் அந்தப் பெட்டிக்கே போக வேண்டும். 150 வரிசையில் சிவப்புக் கோட்டைத் தேடிக் கண்டுபிடி என்று யாரிடமும் சொல்ல முடியாது. மொத்த கிராமை டேபிளின் அடிப்பகுதியான டிஃபுட்டில் அவுட்புட் உறுப்பில் காட்டுங்கள். ஒவ்வொரு விசைக்கும் கூட்டாமல் பெட்டியை விட்டு வெளியே வரும்போது கூட்டினால் ஸ்கிரீன் ரீடர் நச்சரிக்காது.

கடைக்குக் கொடுக்கும் முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு விசைப்பலகையில் மட்டும் பத்து வரிசை போட்டுப் பாருங்கள். பிறகு விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, ஆண்ட்ராய்டில் டாக்பேக் ஆகிய ஸ்கிரீன் ரீடர்களை இயக்கி, மூன்றாவது வரிசையின் ஜோடிப் பெட்டிக்குப் போங்கள். வரிசை எண்ணும் தலைப்பும் சேர்ந்து கேட்கிறதா என்று பாருங்கள். "எடிட்" என்று மட்டும் கேட்டால் அந்தப் பெட்டியின் ஏரியா-லேபிள்ட்பையில் எழுதிய ஐடிகள் பக்கத்தில் இல்லை. மூன்றாவது வரிசையில் இருந்துகொண்டு "வரிசை 1" என்று கேட்டால், வரிசையைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் பழைய வரிசையை நகலெடுத்தபோது ஐடியை மாற்றாமல் விட்டிருக்கிறது. நகலெடுக்கும் இடத்தில் வரிசைத் தலைப்பின் ஐடி, பெட்டியின் ஐடி, பெயரில் உள்ள எண், ஏரியா-லேபிள்ட்பை ஆகிய நான்கையும் புதிய எண்ணுக்கு மாற்றுங்கள்.